கம்ப்யூட்டருக்குப் பெயர் சொல்வது யார்?

கம்ப்யூட்டருக்கும் பெயர் உண்டு. ஆனால், மின்சாரத்தை நிறுத்தினால் தன் பெயரை அது மறந்துவிடும்!

மறுபடி விழிக்கும்போது, "நான் யார்?" என்று தேடும்.

"லினக்ஸ்" முறையில் இயங்கும் கம்ப்யூட்டர், தன் வட்டில் உள்ள ஒரு சிறு கோப்பைப் பார்க்கும். பெயர் அதில் எழுதியிருக்கும். கோப்பு காலியா? வலையில் எண் வழங்கும் கம்ப்யூட்டரிடம் கேட்கும். அது எண்ணைக் கொடுக்கும்; சில இடங்களில் பெயரும் கொடுக்கும். அங்கும் கிடைக்காவிட்டால், "லோக்கல்ஹோஸ்ட்" என்ற பொதுப்பெயர்தான். யாரையும் "ஏ, தம்பி!" என்று கூப்பிடுவது போல!

முன்பு எல்லாப் பெயர்களும் ஒரே பட்டியலில் இருந்தன. அமெரிக்காவில், கலிபோர்னியாவில், எலிசபெத் பைன்லர் என்ற அம்மையாரின் குழு அதைக் காத்து வந்தது. புதுப் பெயர் சேர்க்க, அந்த ஆபீசுக்கு டெலிபோன் செய்வார்களாம்! கம்ப்யூட்டர்கள் பெருகின, பட்டியல் தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர், பெயர்களைப் பல இடங்களில் பிரித்து வைக்கும் முறையை வகுத்தார்.

ஒரே பெயர் இரண்டுக்கு வந்தால் வம்பு. பள்ளிக்கூடங்களிலும் ஆபீசுகளிலும் ஒரு வட்டை நகல் எடுத்துப் பத்துக் கம்ப்யூட்டர்களில் போடுவது உண்டு. பெயரும் நகலாகிவிடும்! ஒன்றுக்கு அனுப்பிய கணக்கு, இன்னொன்றுக்குப் போய்விடலாம். ஆகவே, நகல் எடுத்த கையோடு ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர் எழுதி வைக்கிறார்கள்.