கொடுவாவும் தூண்டிலும்

தூண்டிலிட்டு மீன்பிடித்தல் சோம்பர்க்குரிய தொழிலென நம்முட் பலர் கருதுகின்றனர். ஆற்றங்கரையில் ஒரு கோலைப் பற்றிக்கொண்டு நாழிகைக்கணக்காய் அமர்ந்திருப்பானைக் கண்டு நகுவாரும் உளர். ஆயின், அவன் வாளாவிருக்கின்றானல்லன். நீர் ஏறுகின்றதா வற்றுகின்றதா, காற்று எத்திசையினின்று வீசுகின்றது, சிறுமீன்கள் எவ்விடத்தே துள்ளுகின்றன என்று அவன் கண்ணுஞ் செவியும் ஓயாது ஆராய்ந்தவண்ணமே இருக்கின்றன. மீனின் இயல்பை அறியாதான் மீனைப் பெறான். அவ்வியல்பை முற்றும் அறிந்தானோ, பெற்ற மீனிற் சிலவற்றை மீண்டும் நீரிலேயே விடுவான். இவ்விரண்டாவது உண்மையை யான் காலந்தாழ்த்தே கற்றேன். புதுவையைச் சூழ்ந்த கழிகளில் வாழும் கொடுவா என்னும் மீனை முன்னிட்டு அதனை ஈண்டு விளக்கப் புகுகின்றேன்.

ஆற்றுமீன் வேட்டையைப் பற்றிய ஆங்கில நூல்களைப் பயில்வார் "பாஸ்" என்னும் மீனின் பெயரை அடிக்கடி காண்பர். வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் பெருவாய் மீன் அது. தூண்டிலிற் பட்டவுடன் நீரைவிட்டுத் துள்ளிப் போராடும் இயல்பினதாகலின், அந்நாட்டார் அதனை வேட்டை மீன்களுட் சிறந்ததாக மதிக்கின்றனர். அஃது நம் நாட்டு மீனன்று, இங்குக் கொணரத்தக்கதுமன்று. 1925-ஆம் ஆண்டில் ஜப்பானியர் அதனைத் தம் நாட்டு ஏரியொன்றில் விட்டனர். நாளடைவில் அது நாடெங்கும் பரவி, ஆங்குள்ள சிறுமீன்களை விழுங்கிக் கேடு விளைத்தது. அதனால், 2005 முதல் அம்மீனை உயிரோடு வளர்த்தலும், ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லுதலும், நீர்நிலைகளில் விடுதலும் அந்நாட்டுச் சட்டத்தால் விலக்கப்பட்டன. வேட்டையின்பத்தின் பொருட்டு அயல் மீனை நாடவேண்டிய குறை நமக்கில்லை. ஆங்கிலேயர் "ஆசியக் கடற்பாஸ்" என வழங்கும் கொடுவா நம் கழிகளிலேயே உள்ளது. ஆஸ்திரேலியர் "பாரமுண்டி" என்றும், வங்காளியர் "பேட்கி" என்றும் போற்றுவதும் இதனையே.

கொடுவா நீண்டு திரண்ட உடலும், வெள்ளிபோல் ஒளிரும் செதில்களும் உடையது. அதன் நெற்றி சற்றே குழிந்திருக்கும். கீழ்த்தாடை மேற்றாடையினும் முன்னே நீண்டிருக்கும். கண் இரவில் விளக்கொளி பட்டாற் செந்தழல்போல் மின்னும். கொடுவாய் என்பதே கொடுவா எனக் குறுகிற்று என்று கொள்ள இடமுண்டு. அவ்வாயின் அகலத்தைக் கண்டார் இப்பெயரை ஐயுறார். 1790-இல் இதனை நூலிற் பதிந்த புளோக் என்னும் ஜெர்மானிய அறிஞர், குதிமுள் தாங்கி எனப் பொருள்படும் "கல்காரிபர்" என்னும் இலத்தீன் பெயரை இதற்கிட்டார். இதன் செவுள் மூடியில் முள்ளும் கூர்விளிம்பும் இருத்தலே அதற்குக் காரணம். "லாடெஸ்" என்னும் இதன் பேரினப் பெயரை 1828-இல் அமைத்தோர் பாரிஸ் நகரத்து அறிஞராகிய குவியேயும் வலென்சியேனும் ஆவர். 1816-இல் புதுவைக்கு வந்த லெஷ்னோல் என்னும் பிரெஞ்சு இயற்கைநூலார் இங்கிருந்து அனுப்பிய மீன்கள் பல, அவ்விருவரும் இயற்றிய பெருநூலுக்குப் பயன்பட்டன என்பது புதுவையார்க்குப் பெருமை தருவதொன்றாம்.

இனி, அம்மீன் வாழும் இடத்தை நோக்குவோம். செஞ்சிப் பகுதியில் தோன்றி வரும் சங்கராபரணியாறு, புதுவைக்குத் தெற்கே இரண்டாய்ப் பிரிந்து, அரியாங்குப்பத்தாறு எனவும் சுண்ணாம்பாறு எனவும் பெயர் பெற்றுக் கடலொடு கலக்கின்றது. அரியாங்குப்பத்தாற்றின் கரையிலேதான், பண்டை நாளில் உரோமரோடு வாணிகம் நடந்த அரிக்கமேடு உள்ளது. கடல்நீர் ஏறுங்கால் இக்கழிகள் உவர்க்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் வெள்ளம் வருங்கால் இனிக்கும். கரையோரங்களிற் கண்டல் மரங்கள் வேரூன்றி நிற்கின்றன. உவரும் நன்னீரும் மாறிமாறி வரும் இவ்விடமே கொடுவாவின் வளர்ப்பிடம்.

இம்மீனின் வாழ்க்கை வரலாறு வியக்கத்தக்கது. தாய்மீன் முகத்துவாரத்தை அடுத்த உவர்நீரில் முட்டையிடும். அம்முட்டைகள் மிதந்து, ஒருநாள் கழியுமுன்னரே பொரிக்கும். குஞ்சுகள் நீரேற்றத்தோடு கழியினுட் புகுந்து, கண்டல் வேர்களிடையே ஒதுங்கி, இறாலையும் சிறுமீனையும் தின்று வளரும். வழி திறந்திருப்பின் ஆற்றின் மேற்புறத்து நன்னீருக்கும் ஏறிச்சென்று, சில ஆண்டுகள் அங்கே தங்கும். முதிர்ந்தபின் முட்டையிடும் பொருட்டு மீண்டும் கடலை நோக்கி இறங்கும். இதனினும் வியப்புடையது பிறிதொன்றுண்டு. கொடுவா பெரும்பாலும் ஆணாகவே முதிர்கின்றது. ஆணாய்ச் சில ஆண்டு வாழ்ந்து, பின்னர்ப் பெண்ணாக மாறுகின்றது. ஒரு மீட்டர் நீளத்தை நெருங்கும் மீன்களுட் பெரும்பாலன பெண்களே. ஆகவே, ஓர் ஆற்றிலுள்ள பெருமீன்களையெல்லாம் பிடித்துவிடின், எஞ்சுவன ஆண்களும் குஞ்சுகளுமேயாம். தாயற்ற குடிபோல அவ்வாற்றின் மீன்குலம் மெல்ல மெல்லத் தேயும்.

பிடிக்கும் முறையைச் சுருங்கக் கூறுவல். கொடுவா இரையைத் துரத்தி நெடுந்தொலைவு ஓடுவதன்று. பாலத்தின் தூண், மூழ்கிய மரம், கண்டல் வேர் ஆகியவற்றின் மறைவில் நின்று, நீரோட்டம் கொணரும் இரையைத் திடீரென வாய்திறந்து உறிஞ்சிக்கொள்ளும். ஆதலின், வைகறையிலும் அந்தியிலும், நீர் ஏற்றத்தினின்று வற்றத்திற்குத் திரும்பும் வேளையிலும், அத்தகைய மறைவிடங்களின் அருகே தூண்டிலிடல் வேண்டும். உயிருள்ள இறாலும் மடவைக் குஞ்சும் சிறந்த இரைகள். இரையின் உயிர்நிலையிற் படாமல் முள்ளைக் கோத்தல் வேண்டும். துடிக்கும் இரையையே கொடுவா விரும்பும். முள்ளுக்கு மேல் ஒரு முழ நீளமேனும் தடித்த நரம்பு கட்டாவிடின், செவுள் மூடியின் விளிம்பு அதனைக் கத்திபோல் அறுத்துவிடும். முள்ளிற் பட்டவுடன் மீன் நீர்க்குமேல் எழுந்து தலையை உதறும். அப்பொழுது நரம்பைத் தளரவிட்டவன் மீனை இழப்பான். அளவின்றி இழுத்தவன் நரம்பை இழப்பான்.

இவற்றையெல்லாம் எனக்குக் கற்பித்தவர் கழியோரத்தில் வாழும் என் தாய்மாமன். எனக்குப் பதினைந்து வயது நிரம்பிய ஆண்டின் மழைக்காலத்து மாலையொன்றில், முகத்துவாரத்தருகே அவரோடு இருந்தபொழுது என் தூண்டிலிற் பெரியதொரு கொடுவா பட்டது. அரைநாழிகைப் போராட்டத்தின்பின் அதனைக் கரைசேர்த்தோம். "செவுளைத் தொடாதே, மருமகனே! கை போய்விடும்" என்று மாமன் கூவியது இன்னும் என் செவியில் ஒலிக்கின்றது. என் கையை அகல விரித்த அளவினும் அது நீண்டிருந்தது. தெருவார் கூடிப் புகழ்ந்தனர். யானும் பெருவீரன்போற் செருக்கினேன். வீட்டில் அன்னையார் அதன் வயிற்றைக் கீறியபொழுது, இருபுறமும் மஞ்சள்நிறச் சினை நிறைந்திருந்தது. அதனையும் பொரித்துண்டோம், மிகவும் சுவையாகவே இருந்தது. ஒரு சினையில் இலக்கக்கணக்கான முட்டைகள் உண்டென்பதையும், அத்துணைப் பெரிய தாய் உருவாகப் பல்லாண்டுகள் செல்லுமென்பதையும் பின்னர் நூல்களிற் படித்தறிந்தபொழுது, அவ்வுணவின் விலை இன்னதென்று விளங்கிற்று. சூதிற் கிட்டும் வெற்றியை, மீன் விழுங்கும் தூண்டில் இரைக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அன்று கரையில் நின்று இரையை விழுங்கி ஏமாந்த மீன் யானே.

மாமனிடம் இதனைக் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "பெரியது பட்டால் விட்டுவிட எவனுக்கப்பா மனம் வரும்?" என்றார். அவ்வினா நேர்மையானது. கழியை நம்பி வாழும் குடும்பத்திற்குப் பெருமீன் ஒன்று சில நாட் சோறாகும். அவரை நோக்கி அறம் உரைக்கும் தகுதி எனக்கில்லை. ஆயின், என்போற் பொழுதுபோக்காகத் தூண்டிலேந்துவார்க்கு அச்சோற்றுக் கவலை இல்லையன்றோ? அவர்க்கேனும் இந்நெறி உரியது.

அயல்நாட்டார் இதனைச் சட்டமாகவே வகுத்துள்ளனர். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவையும் எடுத்தலாகாது. 120 சென்டிமீட்டருக்கு மிகுந்ததையும் எடுத்தலாகாது. சிறியது இன்னும் ஒருமுறையேனும் இனம்பெருக்காதது; பெரியது இனத்தைத் தாங்கும் தாய். இடைப்பட்டதே மனிதனுக்குரிய பங்கு. முட்டையிடும் பருவத்திற் பிடித்தற்கும் ஆங்குத் தடையுண்டு. வலையாலும் இந்நெறியை ஓரளவு காக்கலாம். ஆயினும், அகப்பட்டதை உயிரோடு கண்டு, அளந்து, வேண்டாததை விடுவித்தற்குத் தூண்டிலே மிக ஏற்ற கருவி. முள்ளின் எதிர்க்கூரைத் தட்டையாக நெரித்துக்கொள்ளுதல், நனைந்த கையால் மீனைத் தொடுதல், வயிற்றைத் தாங்கிப் பிடித்தல், தானே நீந்திச் செல்லும்வரை நீரில் ஏந்தி நிற்றல் என்னும் இவையே விடுவிப்பார் அறியவேண்டுவன.

குஞ்சுகளைச் செயற்கையாகப் பொரிப்பித்துக் குறையை நிரப்பலாமே என்பாரும் உளர். 1970-களில் தாய்லாந்து நாட்டார் கொடுவாவைச் செயற்கை முறையில் இனம்பெருக்கக் கற்றனர். நம் நாட்டில், சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1997-இல் அதில் வெற்றி கண்டனர். பண்ணை வைத்து மீன்வளர்ப்பார்க்கு இஃது ஒப்பற்ற உதவி. ஆயினும், கழியின் நீர் மாசுற்று, கண்டல் அழிந்து, முகத்துவாரத்தை மணல் அடைத்து, ஆற்றிடையே வழியின்றித் தடைகள் நிற்குமாயின், அங்கு விடப்படுங் குஞ்சு எவ்விடத்தே வளரும்? எவ்வழியே கடலுக்குத் திரும்பும்? கொடுவாவிற்கு ஆறும் வேண்டும், கடலும் வேண்டும், அவ்விரண்டையும் இணைக்கும் வாயிலும் வேண்டும்.

கழியை விட்டு உள்நாட்டு ஏரிகளுக்குச் செல்லின், கொடுவாவின் இடத்தை விரால் பெறுகின்றது. அதற்கும் இந்நெறி பொருந்தும். விரால் தன் செந்நிறக் குஞ்சுகளின் கூட்டத்தைவிட்டு அகலாது காவல்புரியும். அக்கூட்டத்தின் நடுவே தூண்டிலிட்டால், பசியாலன்றிப் பாசத்தாற் சினந்து முள்ளைக் கௌவும். அங்ஙனம் தாய்தந்தையரை இழந்த குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். எளிதிற் பிடிபடும் காலமே பிடிக்கலாகாத காலம். ஊசுட்டேரி போன்ற இடங்களிலோ தூண்டிலை எடுத்துச்செல்லுதலே தகாது; அவ்வேரியின் புதுவைப்பகுதி 2008-இற் புள்ளினங்களுக்குரிய காப்பிடமாக அறிவிக்கப்பட்டதாகும்.

நம் ஆண்டவர் தெரிந்துகொண்ட மாணாக்கருட் பலர் வலைஞர் என்பதை யாவரும் அறிவோம். புதிய ஏற்பாட்டில் தூண்டிலிட்டு மீன்பிடித்தல் ஓரிடத்தே மட்டும் கூறப்படுகின்றது. வரிப்பணம் வேண்டியிருந்தபொழுது, பேதுருவைக் கடலுக்கனுப்பி, முதலில் அகப்படும் ஒரு மீனை எடுக்கும்படி அவர் பணித்தார். தேவைக்கு ஒரு மீன். அதற்கு மேல் ஒன்றும் வேண்டப்படவில்லை. சென்ற கார்த்திகையில் மீண்டும் மாமனோடு கழிக்குச் சென்றேன். முழநீளமுள்ள இரண்டு அகப்பட்டன. அளந்து பார்த்து இரண்டையும் விட்டேன். மாமன் நகைத்தார், ஆயினும், மூன்றாவது குஞ்சு தம் தூண்டிலிற் பட்டபொழுது, என்னைப் பாராமலே அதனை நீரிற் சாய்த்துவிட்டார்.