ஆறு மாத விசா, கையில் ஒரு போன்

டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் கார் ஓட்டாதவருக்குக் கால் கிடையாது. டாலஸ் வட்டாரத்தில் பேருந்தும் ரயிலும் விடும் ‘டார்ட்’ அமைப்பில் இந்த ஊர் சேரவே இல்லை. பக்கத்துப் பிளேனோ வரை வருகிற ரயில் இங்கே எட்டிப் பார்க்காது. 2000-இல் 33,714 பேர் இருந்த ஊரில், 2020 கணக்கெடுப்பின்போது 2,00,509 பேர். தெருவுக்குத் தெரு நம்மவர் வீடுகள். பேரப்பிள்ளையைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்திறங்கும் அப்பா அம்மாக்களை, காலை ஏழு மணிக்குக் குடியிருப்புக் குளத்தைச் சுற்றி நடக்கும்போது பார்க்கலாம். எட்டரைக்கு மேல் வெயில். அதன்பின் சாயங்காலம் வரை அவர்களுக்குப் போன்தான் துணை.

தொழில்நுட்பத்துக்கு இந்த ஊரில் குறைச்சல் இல்லை. 2018 ஜூலையில் ‘டிரைவ் ஏஐ’ என்ற நிறுவனம், செயலியில் கூப்பிட்டால் தானே ஓடிவரும் ஆரஞ்சு நிற வேன்களை இங்கே விட்டது. மறு ஆண்டே அந்த நிறுவனத்துக்கு மூச்சு முட்டியது, ஆப்பிள் வாங்கிக்கொண்டது. 2022 ஏப்ரலில் ‘விங்’ ட்ரோன்கள் வால்கிரீன்ஸ் கடைச் சாமான்களை வீட்டு முற்றத்தில் இறக்கத் தொடங்கின. ஆளை ஏற்றிச் செல்ல வந்த வண்டி போய்விட்டது, தலைவலி மாத்திரைக்கு மட்டும் வானத்தில் வழி திறந்திருக்கிறது. வயதானவர்களுக்கு இதில் எது அவசரம் என்று யாரும் கேட்கவில்லை.

அவர்களுக்கு உண்மையில் உதவுபவை விளம்பரமில்லாத சின்னச் சின்னச் செயலிகள். முதலில் வரைபடம். இந்த ஊர்க் குடியிருப்புகளில் எல்லா வீடும் ஒரே செங்கல், ஒரே வாசல், ஒரே புல்தரை. இரண்டு திருப்பம் தாண்டினால் நம் வீடு எது என்று மகனுக்கே சந்தேகம் வரும். ‘ஆர்கானிக் மேப்ஸ்’ என்ற செயலியை ஏற்றி, வைஃபை இருக்கும்போதே டெக்சாஸ் வரைபடத்தை இறக்கிவைத்து, வீட்டில் ஒரு குறி போட்டுவிட்டால் போதும். சிம் இல்லாத பழைய போனிலும் வழி காட்டும். விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லிக் கேட்காது. அதன் அடியில் இருப்பது 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’. உலகெங்கும் சம்பளமில்லாத ஆட்கள் நடைபாதையையும் பெஞ்சையும் குடிநீர்க் குழாயையும் ஒவ்வொன்றாகக் குறித்துச் சேர்த்த வரைபடம் அது.

அடுத்தது தமிழில் எழுதுவது. இதற்கு ஒரு நீண்ட கதை உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் ‘முரசு’ மென்பொருளில் தொடங்கி, 2005-இல் ‘செல்லினம்’ வழியாக, பொத்தான் வைத்த சாதா செல்போனிலேயே தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தார். ஐபோனில் ஆப்பிளே தமிழ் விசைப்பலகை தந்தது 2013-இல்தான். கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழுக்குக் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு, விசைப்பலகையைக் கண்டு ஒதுங்கியிருந்த பாட்டிகள்கூடக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பத்திபத்தியாக எழுத ஆரம்பித்தார்கள். சும்மா பேசினால் எழுத்தாகி வருகிறது. வானொலிச் செய்தி வாசிப்பதுபோலப் பேசினால் நன்றாகவே வருகிறது. நாகர்கோவில் பேச்சில் மருமகளைப் பற்றிச் சொன்னால் வேறு ஏதோ வருகிறது. இந்தக் குறையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

விசைப்பலகை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நீங்கள் அடிப்பது எல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது, வங்கிக் கடவுச்சொல் உட்பட. பெயர் தெரியாதவர் செய்த, பூவும் மின்மினியும் பறக்கும் இலவசத் தமிழ் விசைப்பலகைகளைப் பெற்றோர் போனில் பார்த்தால் முதல் வேலையாக நீக்கிவிடுங்கள்.

பணமும் அரசு வேலைகளும் இன்னும் இந்திய எண்ணோடு கட்டிப்போடப்பட்டிருக்கின்றன. 2023 ஜனவரியில் அமெரிக்கா உட்பட 10 நாடுகளின் செல்போன் எண்களை யூபிஐயில் இணைக்க அனுமதி வந்தது. ஆனால் அது வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு. அப்பாவின் சேமிப்புக் கணக்குக்கான ஓடிபி, மாம்பலத்தில் வாங்கிய சிம்முக்கே வரும். அந்த சிம்மில் ரோமிங் ரீசார்ஜ் செய்துகொண்டு விமானம் ஏறுவதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை. நவம்பரில் இங்கே இருக்கும் மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு உயிர்வாழ்வுச் சான்று ஒரு தலைவலி. டெக்சாஸுக்கான இந்தியத் துணைத் தூதரகம் ஹூஸ்டனில். காரில் நான்கு மணி நேரத்துக்கு மேல். இந்தச் சான்றை இணையவழி தரும் ‘ஜீவன் பிரமாண்’ திட்டம் 2014-இல் வந்தது. கைரேகைக் கருவி இல்லாமல் போன் கேமராவில் முகத்தைக் காட்டியே சான்று தரும் வசதி 2021 நவம்பரில் சேர்ந்தது. 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். ஊரில் இருக்கும்போதே ஆதாரோடு ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு வருவது நல்லது. வங்கிக் கிளைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும்போது திருத்துகிற கோளாறை, பதினொன்றரை மணி நேர வித்தியாசத்தில் உட்கார்ந்து திருத்த முடியாது.

போனில் ஒரே ஒரு சத்தத்தை மட்டும் பெற்றோருக்கு அவசியம் அறிமுகப்படுத்த வேண்டும். வசந்த காலத்தில் சூறாவளி எச்சரிக்கை வந்தால், போன் மௌனத்தில் இருந்தாலும் பெரும்பாலும் அலறும். எந்தச் செயலியும் வேண்டாம். செல்போன் கோபுரங்கள் வழியாக அரசே அனுப்புவது. ஆனால் வருவது ஆங்கிலத்தில், அதிகம் போனால் ஸ்பானிஷில். பகலில் பிள்ளைகள் அலுவலகத்தில். வீட்டில் தனியாக இருக்கும் அம்மா அதை ‘ஏதோ ஆபர்’ என்று தள்ளிவிடக் கூடாது. டெக்சாஸ் வீடுகளில் நிலவறை அபூர்வம். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத உள்ளறை, பெரும்பாலும் துணி அலமாரி அறையோ குளியலறையோ, அதுதான் புகலிடம். 2024 மே 25 இரவு, இங்கிருந்து வடக்கே வேலி வியூ பக்கம் அடித்த சூறாவளியில் 7 பேர் இறந்தார்கள். எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதை வந்த முதல் வாரத்திலேயே நடந்து காட்டிவிடுங்கள்.

‘டோல் பாக்கி, உடனே கட்டுங்கள்’ என்று இணைப்போடு வரும் குறுஞ்செய்தியோ தள்ளிவிட வேண்டிய வகை. டாலஸ் நார்த் டோல்வே ஃபிரிஸ்கோவின் நடுவே ஓடுவதால் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். இந்த மோசடி பற்றி எஃப்பிஐ 2024 ஏப்ரலிலேயே எச்சரித்தது. அழிப்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

இனி வாசிப்பு. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம், தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் ‘மதுரைத் திட்ட’த்தைத் தொடங்கினார். 2005-இல் ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ வந்தது. த. சீனிவாசனும் ‘கணியம்’ நண்பர்களும் 2013-இல் ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ தளத்தைத் தொடங்கினார்கள். போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம் என்பதால், கண்ணாடியைத் தேடும் தாத்தாக்களுக்கு அச்சுப் புத்தகத்தைவிட இது வசதி. பிற்பகல் இரண்டு மணிக்கு மூன்றாவது சீரியல் பார்ப்பதைக் காட்டிலும் நல்லது என்பது என் கட்சி.

இவற்றையெல்லாம் நம் பெற்றோர் எடுத்துக்கொள்ள மட்டுமே பழக்கியிருக்கிறோம் என்பதுதான் எனக்குள்ள குறை. இந்த ஊரின் விருந்தினர் அறைகளில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள், அஞ்சல்துறை அதிகாரிகள், வங்கி மேலாளர்கள் ஆறு மாதம் பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் லட்சக்கணக்கான பக்கங்கள் படமாக ஏறி, இயந்திரம் படித்த எழுத்தோடு காத்திருக்கின்றன. இயந்திரத்துக்குத் துணைக்காலும் ‘ர’வும் ஒன்று. தமிழாசிரியர் கண்ணுக்கு அது ஒரு நொடி வேலை. ஒருவர் திருத்தினால் சிவப்புப் பக்கம் மஞ்சளாகும், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. நாகர்கோவில் பேச்சு இயந்திரத்துக்குப் புரியாத குறைக்கும் வழி உண்டு. மோசில்லாவின் ‘காமன் வாய்ஸ்’ தளத்தில், திரையில் வரும் தமிழ் வாக்கியங்களை அவரவர் குரலில் வாசித்துப் பதிவுசெய்யலாம். கோவை, யாழ்ப்பாணம், நெல்லை என்று எத்தனை வகைக் குரல் சேர்கிறதோ, அந்தக் குரல்களைக் கொண்டு செய்யப்படும் மென்பொருள் அத்தனைக்குத் தேறும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் வெளிவருகிறது அந்தத் தொகுப்பு.

கற்றுக்கொடுக்க ஆளும் வீட்டிலேயே இருக்கிறது. 2025-26 கல்வியாண்டு முதல் டெக்சாஸ் அரசுப் பள்ளிகளில் மாணவர்கள் போன் பயன்படுத்தத் தடை. பள்ளி விட்டு வரும் பேத்திக்குப் போனைத் தொட ஒரு சாக்கு வேண்டும். தாத்தாவுக்கு விக்கிமூலத்தில் கணக்குத் தொடங்கித் தருவதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. அடுத்த முறை அப்பா அம்மாவை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்ததும், டிவி ரிமோட்டைக் கையில் கொடுப்பதற்கு முன் இதைச் செய்து கொடுங்கள்.