இடுப்புப் பந்தும் ராவுதூளும்

திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் சாவியை அரத்தால் ராவுகிறவர் தரையில் உட்கார்ந்துதான் வேலை பார்ப்பார். அவருக்கு நாற்பது வயதில் கவட்டையில் வலி வந்தால், ‘பிடிப்பு’ என்று தைலம் தேய்ப்பார். சிலருக்கு வலி முழங்காலில் தெரியும். முழங்காலைப் படம் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

கோளாறு மேலே, தொடை எலும்பின் பந்தில். அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மெல்லியவை. அடைபட்டால் மாற்றுவழி குறைவு. பந்துக்குள் எலும்பு செத்துப்போகும். செத்த எலும்பு உடனே உடையாது. மாதக்கணக்கில் எடை தாங்கிவிட்டு, ஒருநாள் முட்டையோடு போல உள்வாங்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும்.

குடியும் ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள். கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்துக்கொண்ட, நாற்பது வயதுக்குட்பட்ட மூவருக்கு இது வந்ததை 2021இல் மும்பை இந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ‘நல்ல மாத்திரை’யிலும் பல நேரம் ஸ்டீராய்டுதான் இருக்கிறது.

பந்து உள்வாங்கிவிட்டால் பெரும்பாலும் மூட்டை மாற்ற வேண்டியதுதான். அது எத்தனை வருஷம் தாங்கும்? இடுப்பு மூட்டு மாற்று பற்றிய நீண்டகாலக் கணக்குகளைத் தொகுத்து 2019இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. நூற்றில் 58 மூட்டுகள் 25 ஆண்டு தாங்கியிருந்தன. அந்தக் கணக்கில் பெரும்பாலோர் தேய்மானத்தால் மூட்டு மாற்றிய வயதானவர்கள். எழுபதில் மாற்றியவருக்கு அது ஆயுசுக்கும் போதும். நாற்பதில் மாற்றிய நம் பட்டறைக்காரருக்கு அப்போது வயது 65தான்.

தாங்காமல் போன மாற்று மூட்டுகளைக் கெடுத்தது பெரும்பாலும் தூள். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1962இல் உலோகப் பந்துக்குப் பிளாஸ்டிக் கிண்ணம் பொருத்தினார். நடக்க நடக்கக் கிண்ணம் தேயும். ராவும்போது மடியில் உதிரும் பித்தளைத்தூளை உதறிவிடலாம், இதை உதற முடியாது. உடம்பின் துப்புரவு செல்கள் அந்தத் தூளை விழுங்கும். செரிக்காமல் போகவே அழற்சி கிளம்பி, சுற்றியுள்ள எலும்பு அரிக்கப்படும். பிடிமானம் தளர்ந்து, பந்தைத் தாங்கத் தொடை எலும்புக்குள் செருகிய கம்பி ஆடும்.

1990களின் இறுதியில் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்த, குறைவாகத் தேயும் பிளாஸ்டிக் வந்தது. அதன்பின் நிலைமை மாறியது. எலும்பு செத்தவர்களுக்கு மாற்று மூட்டு சீக்கிரம் தோற்கும் என்ற பழைய பேச்சு இன்று முழுக்கப் பொருந்தாது. ஆனால் அரிவாள் செல் சோகை உள்ளவர்களுக்கும் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல்தான்.

மாற்றிக்கொண்டவர் குத்தவைத்து உட்கார்ந்தால் மூட்டு கழன்றுகொள்ளக்கூடும். பட்டறையில் அவருக்கு மேஜையும் ஸ்டூலும் வேண்டும், வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை வேண்டும். எலும்பு அரிபடுவது பெரும்பாலும் வலிக்காது என்பதால், நன்றாக நடக்கிறவரையும் மருத்துவர் அவ்வப்போது எக்ஸ்ரேவுக்குக் கூப்பிடுவார். போகும்போது முதல் படத்தையும் எடுத்துப்போக வேண்டும். இரண்டையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால்தான் கம்பியைச் சுற்றி விழும் மெல்லிய கறுப்புக் கோடு புதிதா பழசா என்று தெரியும்.