வடமராட்சியில் வென்று தோற்ற போர்

1987 மே 26ஆம் திகதி இலங்கை இராணுவம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியை விடுதலைப் புலிகளிடமிருந்து கைப்பற்றப் புறப்பட்டது. 'ஒப்பரேஷன் லிபரேஷன்' என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். அதுவரை இலங்கைப் படைகள் நடத்திய தாக்குதல்களில் அதுவே மிகப் பெரியது. ஆயிரக்கணக்கான சிப்பாய்கள், கவச வாகனங்கள், பீரங்கிகள், குண்டுவீச்சு விமானங்கள் எல்லாம் அந்தச் சிறு நிலப்பரப்பின்மீது ஏவப்பட்டன. சில நாட்களில் வல்வெட்டித்துறையும் பருத்தித்துறையும் நெல்லியடியும் படையினரிடம் வீழ்ந்தன. ஆனால், இரண்டு மாதம் சற்றுக் கழிந்ததுமே, அந்தப் போரை நடத்திய ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன தமது அமைச்சர்களே எதிர்த்த ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அயல்நாட்டுப் படையைத் தீவுக்குள் அழைத்துக்கொண்டார். களத்தில் வென்ற போர் அரசியலில் தோற்றது. தட்டிக்கேட்க ஆளில்லாத தலைவர் ஒருவர் தாமாகத் தெரிவுசெய்த போரில் தோற்றால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை அடுத்து வந்த ஆண்டுகள் காட்டின.

படையெடுத்து வருபவனை எதிர்த்துப் போரிடும் அரசுக்கு வேறு வழியில்லை. 1987இல் ஜெயவர்த்தனவுக்கு வழிகள் இருந்தன. 1985இல் திம்புவில் பேச்சு நடந்திருந்தது. அதிகாரப் பகிர்வு பற்றிய யோசனைகள் 1986 டிசம்பர்வரை இந்தியாவின் ஊடாகப் பேசப்பட்டு வந்தன. அரசுக்கு நெருக்கடி இருந்ததும் உண்மைதான். 1987 ஏப்ரலில் அலுத்ஓயாவில் பஸ்களை மறித்து நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளை ஆயுதபாணிகள் கொன்றார்கள். சில நாட்களில் கொழும்பு புறக்கோட்டை பஸ் நிலையத்தில் குண்டு வெடித்து மேலும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தக் கொலைகளை எந்த நியாயத்தாலும் மூட முடியாது. அவற்றுக்குப் பதிலாக அரசு எடுத்த முடிவு, கொலைகளோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பிரதேசத்து மக்கள் முழுவதையும் போர்க்களத்துக்குள் அடைத்தது. ஜனவரியிலேயே யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை போடப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், போரை நோக்கிய நடை ஏப்ரலுக்கு முன்னரே தொடங்கிவிட்டது தெரியும்.

இந்த முடிவை எடுத்தவரின் அதிகாரம் எப்படிப்பட்டது என்பதுதான் கதையின் மையம். ஜெயவர்த்தன தேர்தலில் வென்று வந்தவர். 1977 ஜூலையில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐப் பிடித்தது. அந்தப் பெரும்பான்மையைக் கொண்டு 1978இல் நிறைவேற்று ஜனாதிபதி முறையை உருவாக்கி, பதவியில் இருக்கும்வரை ஜனாதிபதிமீது வழக்குத் தொடர முடியாதபடி அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார். 1980இல் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சித் தலைவி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் பறிக்கப்பட்டன. தம் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். 1982 டிசம்பர் 22ஆம் திகதி பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, அதே பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறு ஆண்டுகள் நீட்டினார். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் வேண்டாம் என்றார்கள். அது கணக்கில் ஏறவில்லை.

தமிழர்களுக்கு எதிரான 1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின் வந்த அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் தனிநாட்டைக் கைவிடுவதாகச் சத்தியம் செய்யச் சொன்னது. செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். பருத்தித்துறைத் தொகுதியின் கே. துரைரத்தினமும் அவர்களில் ஒருவர். ஆகவே, 1987 மே மாதம் பருத்தித்துறைமீது குண்டு விழுந்தபோது, அது தவறு என்று பாராளுமன்றத்தில் எழுந்து சொல்ல அந்த ஊருக்கு ஓர் உறுப்பினர்கூட இருக்கவில்லை.

வடமராட்சி தப்பியோட இடமில்லாத நிலம். வடக்கும் கிழக்கும் கடல். மற்றப் பக்கத்தில் தொண்டைமானாற்றுக் கடல்நீரேரி. வெளியே போகும் பாதைகள் சிலவே, அவற்றையும் படையினர் முதலில் அடைத்தார்கள். கோயில்களிலும் பாடசாலைகளிலும் போய் இருக்குமாறு சனங்களுக்கு அறிவிக்கப்பட்டது. அப்படிப் போய் இருந்தவர்கள்மீதே அல்வாய் முத்துமாரி அம்மன் கோயிலில் ஷெல் விழுந்து பலர் இறந்தார்கள். எரிபொருள் நிரப்பிய பீப்பாய்க் குண்டுகள் வீடுகள்மேல் போடப்பட்டன. ஊர் பிடிபட்ட பின் ஆண்கள், குறிப்பாக இளைஞர்கள், சுற்றிவளைத்துப் பிடிக்கப்பட்டுக் கப்பலில் ஏற்றி, காலிக்கு அருகே பூசா முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அரசு எதிரியாக நினைத்தது ஆயுதக் குழுக்களை. தண்டனை பெற்றது ஒரு தலைமுறை.

அடுத்த இலக்கு யாழ்ப்பாண நகரம். அங்குதான் ஜெயவர்த்தனவின் கணக்குப் பிழைத்தது. இந்தியா எச்சரிக்கையோடு நின்றுவிடும் என்று கொழும்பு நம்பியது. ஜூன் 3ஆம் திகதி நிவாரணப் பொருட்களுடன் இராமேஸ்வரத்திலிருந்து வந்த படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானப்படையின் ஐந்து போக்குவரத்து விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு யாழ்ப்பாண வானில் வந்து உணவுப் பொதிகளைப் போட்டன. பொதிகளின் எடை ஏறக்குறைய 25 தொன். பசிக்கு அது போதாது, செய்திக்குப் போதும். ஜெயவர்த்தன நம்பியிருந்த மேற்கு நாடுகளில் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. நகரத்தின்மீதான படையெடுப்பு நின்றது. இப்படி நடக்கக்கூடும் என்று முன்கூட்டியே முரண்பட்டுச் சொல்லும் துணிவு, இராஜினாமாக் கடிதத்தைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு இருக்கும் எந்த உறுப்பினருக்கு வரும்?

ஜூலை 29ஆம் திகதி, ஊரடங்குக்கும் கலவரத்துக்கும் நடுவே, இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கைப் பிரதமர் பிரேமதாச அந்த நிகழ்வுக்கு வரவில்லை. போரை முன்நின்று நடத்திய தேசிய பாதுகாப்பு அமைச்சர் லலித் அத்துலத்முதலியும் வரவில்லை. மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போது கடற்படைச் சிப்பாய் ஒருவன் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கியால் அடித்தான். ஆகஸ்ட் 18ஆம் திகதி பாராளுமன்றக் கட்டடத்திலேயே ஆளுங்கட்சிக் கூட்டத்தில் கைக்குண்டு வீசப்பட்டது. ஒரு பாராளுமன்ற உறுப்பினர் கொல்லப்பட்டார், அத்துலத்முதலி படுகாயமடைந்தார். பத்து வருடம் அசையாமல் இருந்த ஆட்சியின் தலைவாசல்வரை கோபம் வந்துவிட்டது.

ஒழுங்கான தேர்தல் உள்ள நாட்டில் இத்தகைய தோல்விக்கு வாக்குச்சீட்டு பதில் சொல்லும். இலங்கையில் 1977இல் தெரிவான பாராளுமன்றமே 1987இலும் இருந்தது. அடுத்த தேர்தல் 1989வரை தள்ளிப்போடப்பட்டிருந்தது. தெற்கின் இளைஞரை வாக்குப் பெட்டிக்கு அழைத்துப்போக வேண்டிய கட்சிகள் நொறுங்கிக் கிடந்தன. 1983 வன்செயலுக்குப் பொறுப்பென்று ஆதாரமின்றித் தடைசெய்யப்பட்ட இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி. தலைமறைவில் ஆயுதம் சேர்த்திருந்தது. 'நாடு விற்கப்பட்டது' என்ற கோபத்தை அது கையில் எடுத்தது. கடையடைப்புக்குப் பணியாதவர்களும் தேர்தலில் நின்றவர்களும் கொல்லப்பட்டார்கள். அரசின் பதில் அதைவிடக் கொடியது. மாத்தறையிலும் ஹம்பாந்தோட்டையிலும் கண்டியிலும் இளைஞர்களின் உடல்கள் வீதியோரம் டயரில் எரிந்தன. 1987 முதல் 1990 வரை தெற்கில் இறந்தும் காணாமலும் போனவர்கள் பல்லாயிரம். வடமராட்சித் தாய்மார் பூசா முகாமின் வாசலில் பட்ட பாட்டைத் தெற்கின் தாய்மார் தங்கள் ஊர்ப் பொலிஸ் நிலையங்களின் வாசலில் பட்டார்கள்.

வடக்கிலும் அமைதி வரவில்லை. ஒப்பந்தத்தின்படி அமைதிப் படையாக வந்த இந்திய இராணுவம் அக்டோபர் 10ஆம் திகதி விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. அதே மாதம் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளரும் ஊழியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் ஐம்பதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் இந்தியச் சிப்பாய்களால் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் அந்தப் படை திரும்பியபோது அதன் பக்கத்திலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டிருந்தார்கள்.

தோற்ற தலைவர் உடனே விழுந்துவிடுவார் என்ற நம்பிக்கைக்கு உலக வரலாறு முழு ஆதரவு தரவில்லை. போக்லாந்து தீவுகளைப் பிடிக்கப் போன ஆர்ஜென்டீனாவின் கல்தியேரி 1982 ஜூனில் படை சரணடைந்த சில நாட்களில் பதவி இழந்தார். அடுத்த ஆண்டு அங்கே தேர்தல் நடந்தது. டாக்காவில் படை சரணடைந்ததும் பாகிஸ்தானின் யாஹியா கானும் விலகினார், ஆனால் அதற்குமுன் வங்காளிகள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டிருந்தார்கள். சதாம் ஹுசைன் 1991இல் குவைத்தில் தோற்று, எழுந்த தம் மக்களையே நசுக்கி, மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆண்டார்.

தமிழர் பக்கத்தை விட்டுவிட்டு இதைப் பேசுவது நேர்மையாகாது. பருத்தித்துறைக்கு அயலூரான வல்வெட்டித்துறையில் பிறந்த வேலுப்பிள்ளை பிரபாகரனின் விடுதலைப் புலிகள் இயக்கத்திலும் தலைவரின் முடிவை மறுத்துப் பேச இடமிருக்கவில்லை. 2006இல் அந்த இயக்கம் மாவிலாற்று அணையை மூடியதிலிருந்து மூண்ட போரில், 2009 ஜனவரியில் கிளிநொச்சி விழுந்த பின் தோல்வி தெளிவாகிவிட்டது. ஆனாலும் சனங்கள் விடப்படவில்லை. பாதுகாப்பு வலயங்கள்மீதும் ஆஸ்பத்திரிகள்மீதும் அரசு ஷெல் அடித்ததையும், வெளியேற முயன்றவர்களைப் புலிகள் தடுத்ததையும் சுட்டதையும் ஐ.நா. நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிவுசெய்தது. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது அது. பணிந்துபோக வழிவைக்காத தலைமை, தன்னோடு சேர்த்து முள்ளிவாய்க்கால்வரை மக்களையும் இழுத்துச் சென்றது.

ஜெயவர்த்தன அப்படி முடியவில்லை. ஒப்பந்தத்தின்படி வந்த மன்னிப்பில் பூசா கைதிகள் பெரும்பாலும் விடுதலையானார்கள். 1987 நவம்பரில் பதின்மூன்றாவது திருத்தம் நிறைவேறி மாகாண சபைகள் பிறந்தன. 1988 டிசம்பரில் பாராளுமன்றம் பதினொரு ஆண்டுகளுக்குப் பின் கலைந்தது. 1989 ஜனவரி 2ஆம் திகதி தமது 82ஆம் வயதில் பதவியைப் பிரேமதாசவிடம் ஒப்படைத்து வீடு போனார். 1996 நவம்பரில் காலமானார். அவர் உருவாக்கிய நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பதாக வாக்களித்தே பின்வந்தவர்கள் பலர் தேர்தலில் வென்றார்கள். வென்ற பின் ஒருவரும் அதை ஒழிக்கவில்லை.