கீழே இருப்பவர் திருடும் காற்று

2025 ஆகஸ்ட் 24 அன்று, பழவேற்காடு ஏரிக்குக் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா பக்கம், 4.8 டன் எடையுள்ள ககன்யான் மாதிரிக் கலத்தைச் சினூக் ஹெலிகாப்டர் ஒன்று சுமார் 3 கி.மீ. உயரத்திலிருந்து விட்டது. பாராசூட்டுகள் விரிந்தன, கலம் கடலில் இறங்கியது. விண்வெளியையே வென்றுவிட்ட மாதிரி ஆர்ப்பரிக்க இதில் ஒன்றுமில்லை. கனமான பொருள் ஒன்று மெதுவாக விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் அதுதான் கடினம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கலத்தின் மூன்று பெரிய பாராசூட்டில் ஒன்று விரியாவிட்டாலும் இரண்டு போதுமாமே. குதிக்கிற ராணுவ வீரருக்கு?"

அவருக்கு மார்பில் ஒரு ரிசர்வ் பாராசூட் உண்டு. பயிற்சியில் குதிக்கும் உயரம் ஏறக்குறைய 380 மீட்டர். நாலு எண்ணி முடிப்பதற்குள் குடை விரியாவிட்டால் ரிசர்வை இழுத்தாக வேண்டும். அதற்குள் 80 மீட்டர்போல விழுந்திருப்பார். மிச்சம் ஐந்தாறு விநாடிதான். சினிமா நாயகன்போல வசனம் பேச நேரமில்லை.

வரலாறு வேண்டுமா? 1971 டிசம்பர் 11, இன்றைய வங்கதேசத்தின் தங்காயில். அங்கே கூட்டமாகக் குதித்து இறங்கியது இந்திய ராணுவத்தின் பாராசூட் ரெஜிமென்ட்டின் 2ஆவது பட்டாலியன். போதும். நமக்கு வேண்டியது, அப்படிக் கூட்டமாகக் குதிக்கும்போது வானத்தில் உண்டாகும் நெரிசல்.

இரண்டு வீரர்களின் குடைகளும் நன்றாக விரிந்திருக்கின்றன. ஒன்றுக்கு நேர் மேலே மற்றொன்று. ஆபத்து இங்கேதான். கீழ்க்குடை தன் தலைக்கு மேலுள்ள காற்றையும் தன்னோடு கீழே இழுத்துச் செல்கிறது. அதற்குள் நுழையும் மேல்குடைக்கு, அதை உப்பவைக்கும் எதிர்க்காற்று இல்லாமல் போகிறது, துவண்டு சுருங்குகிறது.

ஜி.என்.டி. சாலையில் கன்டெய்னர் லாரியின் முதுகை ஒட்டிப் போகும் பைக்குக்கு எதிர்க்காற்று அடங்கிவிடும். அந்தச் சாலையை அப்படியே செங்குத்தாக நிமிர்த்துங்கள்: லாரி கீழே, பைக் மேலே. தரைச்சாலையில் எதிர்க்காற்று குறைந்தால் பெட்ரோல் மிச்சம். இந்தச் சாலையிலோ எதிர்க்காற்றுதான் பிரேக். பிரேக் போன பைக் லாரியைத் தாண்டி விழும். புதுக்காற்று பட்டதும் அதற்குப் பிரேக் பிடிக்கும். இப்போது பின்னால் வரும் லாரிக்குப் பிரேக் போகும். லாரி தாண்டும், மறுபடி பைக் தாண்டும். தச்சூர் கூட்டுச்சாலைப் போலீஸ்காரருக்கே யார்மேல் வழக்குப் போடுவதென்று புரியாது. தரை நெருங்கும்வரை இந்த மாறாட்டம் தொடரலாம். கடைசி முறை துவண்டவர் பாடுதான் திண்டாட்டம்.

எனவே விதி: கீழே இருப்பவருக்கே வழி. அவர் தலைக்கு மேல் அவருடைய குடையே மறைப்பதால், மேலே யார் வருகிறார் என்று அவருக்குத் தெரியாது. மேலிருப்பவர்தான் தன் குடையின் பட்டையை இழுத்து விலக வேண்டும். வட்டக் குடை சட்டென்று நகராது என்பதால் முன்கூட்டியே தொடங்க வேண்டும். தப்பித் தவறிக் கால் கீழ்க்குடையில் பட்டுவிட்டால், உப்பிய துணிமேலேயே ஓடி ஓரத்தைத் தாண்டிக் குதித்துவிட வேண்டும்.

ககன்யான் கலத்தின் மூன்று குடைகளும் ஒரே சுமையில் கட்டுண்டவை; ஒன்றின் தலைமேல் மற்றொன்று ஏற வழியில்லை. வீரர்களுக்கு அந்தக் கட்டு இல்லை. ரிசர்வ் இருக்கிறதே என்கிறீர்களா? அது விரியவும் காற்று வேண்டுமே!