ஒரு மீன் சாப்பாடு: 100 யூரோ!
வெனிஸ் நகரில் ஏமாந்த கதை

இத்தாலி நாட்டில் உள்ள வெனிஸ் ஒரு அதிசய நகரம். கடல் நடுவே, 100-க்கும் மேற்பட்ட சிறு தீவுகளைப் பாலங்களால் இணைத்துக் கட்டியிருக்கிறார்கள். அங்கே தெருக்களில் கார் கிடையாது; பஸ் கிடையாது. நடக்க வேண்டும், அல்லது படகில் ஏற வேண்டும்.

2024-ம் ஆண்டு நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தோம். எண்ணி எண்ணித்தான் பணம் கொண்டு போனோம். அதில் 80 யூரோவை என் மனைவி கைக்குட்டையில் தனியாக முடிந்து வைத்திருந்தாள். பேத்திக்குக் கண்ணாடி மணி மாலை வாங்கத்தான்!

வெனிசை அடுத்த முரானோ தீவு கண்ணாடி வேலைக்குப் பெயர் பெற்றது. நகரில் தீப்பிடித்துவிடும் என்று பயந்து, 1291-ம் ஆண்டிலேயே கண்ணாடி உலைகளை அந்தத் தீவுக்கு மாற்றிவிட்டார்கள்.

பசி மயக்கம்

பகல் முழுவதும் நடந்ததில் கால் வலி. நல்ல பசி. புனித மார்க் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல். வாசலில் நின்ற ஆள் சிரித்துச் சிரித்து அழைத்தான். போய் உட்கார்ந்தோம்.

விலைப் பட்டியலைப் பார்த்தேன். மீன் 9 யூரோ. "பரவாயில்லையே!" என்று ஒரு மீனும், இறால் போட்ட பாஸ்தா ஒரு தட்டும், ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டுவரச் சொன்னேன்.

மீன் ஆறிப்போய் வந்தது. உப்பும் இல்லை, ருசியும் இல்லை. இறால் ரப்பர் மாதிரி இருந்தது.

பிறகு பில் வந்தது. 100 யூரோ 80 சென்ட்! நம் பணத்தில் 9 ஆயிரம் ரூபாய்க்கு மேல். எனக்கு வியர்த்துவிட்டது.

பொடி எழுத்து

சர்வர் பட்டியலை விரலால் தொட்டுக் காட்டினான். 9 யூரோ என்பது 100 கிராமுக்கு விலை. எங்கள் மீன் 700 கிராம். ஆக, 63 யூரோ. பாஸ்தா 16, தண்ணீர் 5. மேஜையில் உட்கார்ந்ததற்குத் தலைக்கு 3 யூரோ. இதற்கு 'கோப்பெர்த்தோ' என்று பெயர். இத்தனைக்கும் மேலே சேவைக் கட்டணம் நூற்றுக்கு 12!

இறாலுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. ஐஸில் உறைய வைத்த சரக்குக்கு அதுதான் அடையாளமாம். சுற்றிலும் கடல், எங்கள் தட்டில் ஐஸ் இறால்!

எல்லாம் எழுதித்தான் இருந்தது. யாரைக் குறை சொல்வது?

என் மனைவி கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள். "என்னங்க, விலை கேட்டால் கேவலம் என்று நினைத்தோமே! அதற்குத்தான் இந்தப் பணம்" என்றாள்.

இதே நகரில் 2018-ல் ஜப்பான் மாணவர்கள் சிலருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 1,100 யூரோவுக்கு மேல் பில் போட்டார்கள். அவர்கள் போலீசில் புகார் செய்தார்கள். செய்தி உலகமெங்கும் பரவியது.

அட, கருவாடு!

மறுநாள் ரியால்டோ சந்தைப் பக்கம் போனோம். ஒரு சிறு கடையில் உள்ளூர்த் தொழிலாளிகள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். இந்த முறை முதலில் விலை கேட்டோம். ரொட்டித் துண்டின் மேல், காய்ந்த மீனை ஊறவைத்து வேகவைத்து, எண்ணெய் விட்டு மசித்து வைத்துக் கொடுத்தார்கள். "அட, நம்ம கருவாடு!" என்று என் மனைவி சிரித்தாள். இருவருக்கும் 8 யூரோதான். வயிறு நிறைந்தது.

வெளிநாடு போகிறவர்களே! உட்காருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். விலை தட்டுக்கா, எடைக்கா? உட்கார்ந்தால் தனிக் கட்டணம் உண்டா? சேவைக் கட்டணம் எவ்வளவு? கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பேத்திக்கு மாலை வாங்க முடியவில்லை. ஒரே ஒரு நீலக் கண்ணாடி மணி வாங்கி வந்தோம். அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துப் போட்டிருக்கிறாள்.