வயிற்றில் பிள்ளை, கையில் ஊசி: தயக்கம் எங்கே பிறக்கிறது?

இலங்கையில் முதன்முறை கர்ப்பமுறும் பெண்ணுக்கு 12 வாரம் கடந்தபின் ஒரு ஏற்பூசி (ஏற்புவலித் தடுப்பூசி) போடுவார்கள். 6 முதல் 8 வாரம் கழித்து இரண்டாவது. ஏ9 வீதியோரத்துப் புளியங்குளம் போன்ற வன்னி ஊர்களில் இந்த ஊசிக்குத் தாய்மார் பெரிதாகத் தயங்குவதில்லை. ஏற்புவலி என்ற சொல்லே போதும். பழைய பிளேட்டால் தொப்புள்கொடி அறுக்கப்பட்டு ஏற்புவலி தொற்றிய குழந்தை முதல் இரண்டு நாளும் நன்றாகப் பால் குடிக்கும். பிறகு தாடை இறுகி முலையைப் பற்ற முடியாமற் போகும். தொட்டாலே உடம்பு வில்லாக வளையும். தாய்க்குப் போடும் ஊசியில் உருவாகும் எதிர்ப்புச்சத்து நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேர்வதால், ஏற்புவலியால் வரும் சிசுச் சாவு பெரும்பாலும் தடுக்கப்பட்டுவிட்டது. இலங்கை உள்ளிட்ட தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் தாய்-சேய் ஏற்புவலி ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்தது.

கொவிட் தடுப்பூசி வந்தபோதோ நாடெங்கும் கர்ப்பிணிகள் பலர் பின்வாங்கினார்கள். அதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. 1950களின் இறுதியில் மசக்கைக்குக் கொடுத்த தாலிடமைட் மாத்திரையால் உலகில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்தன. அதன்பின் கர்ப்பிணிகளை மருந்துப் பரிசோதனைகளில் சேர்க்காமல் விடுவது வழக்கமாயிற்று. 2020 இன் கொவிட் தடுப்பூசிப் பரிசோதனைகளிலும் அவர்கள் சேர்க்கப்படவில்லை. எனவே முதலில் "இப்போதைக்கு வேண்டாம்" என்ற பேச்சே காதில் விழுந்தது. 2021 ஜூனில் இலங்கை கர்ப்பிணிகளுக்குச் சினோபாம் கொவிட் தடுப்பூசி போடத் தொடங்கியது. சில மாதத்துக்குள் பேச்சு மாறினால் "பிள்ளைக்கு ஏதும் ஆகுமோ?" என்று தாய் கேட்பது நியாயமே. கர்ப்ப காலத்தில் கொவிட் கடுமையாகி, குறைமாதப் பிரசவத்துக்கும் உயிராபத்துக்கும் வழிவகுக்கும் என்பதை அவளுக்குப் பொறுமையாகச் சொன்னவர்கள் குறைவு.

எல்லாத் தடுப்பூசியும் ஒன்றல்ல என்பதும் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். சினோபாமில் இருப்பது செயலிழக்கச் செய்த கிருமி, அது பெருகாது. ருபெல்லாத் தடுப்பூசியில் வலுக்குறைத்த உயிர்க்கிருமி இருக்கிறது. ஆகவே அது கர்ப்பத்தில் போடப்படுவதில்லை, போட்டபின் ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். பிரசவத்துக்குப் பின் அதையே தாராளமாகப் போடலாம். "பால் குடுக்கலாமோ?" என்பதே அப்போது எழும் கேள்வி. கொடுக்கலாம். வழக்கமான தடுப்பூசி எதற்காகவும் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. மஞ்சட்காய்ச்சல் ஊசியோ கைக்குழந்தையுள்ள தாய்க்கு யோசித்துப் போட வேண்டியது.

வன்னிக்குத் தடுப்பு மருந்தின்மேல் நம்பிக்கை புதிதல்ல. போலியோவை ஒழிக்க 1995 முதல் நடந்த தேசியத் தடுப்பு மருந்து நாட்களில், யுனிசெப் முயற்சியால், உள்நாட்டுப் போரில் மோதிய அரசும் புலிகளும் துப்பாக்கிகளை ஓயவிட்டன. 1997 இல் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கையின்போது சண்டை மாதக்கணக்கில் நடந்த ஊர் புளியங்குளம். அந்தக் காலத்துத் தாய்மார் சொட்டு மருந்துக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த நம்பிக்கையைச் சுவரொட்டிகள் வளர்க்கவில்லை. வீடு தேடி வந்து, கர்ப்பிணியின் அட்டையைப் பார்த்து, மாமியாரின் கேள்விக்கும் கணவனின் கேள்விக்கும் திண்ணையில் இருந்தே பதில் சொன்ன குடும்பநல மாதுக்களே அதை வளர்த்தவர்கள்.

இரண்டாவது ஏற்பூசி பிரசவத்துக்குக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன் போட்டிருக்க வேண்டும். எதிர்ப்புச்சத்து உருவாகிப் பிள்ளையைச் சேர அத்தனை நாள் பிடிக்கும். தயக்கம் உள்ள தாய், அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திராமல், குடும்பநல மாதுவிடம் இன்றே கேட்டுவிட வேண்டும்.